ஒரு பென்சில் புள்ளியும் ஒரு வட்ஸ்அப் குழுவும்

2017ஆம் ஆண்டு மாசியில் ஒரு விடியற்காலை, எங்கள் சங்கத்தின் நூறு நீலக் கதிரைகளையும் பந்தல் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரம் ஒரு வீட்டு முற்றத்தில் போய் நின்றது. கிணற்றடியில் ஒரு சிறுமி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு எங்களைப் பார்த்து, "அப்பப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்றாள். அப்பப்பா அந்த நேரம் கட்டிலில் நிமிர்ந்திருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அரை மணித்தியாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். முதல் நாள் இரவு கனடாவிலிருந்து மருமகன் ஒருவர் "மாமா கடுமை" என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் எழுதினார். அதைப் பார்த்த இன்னொருவர் "மாமாவுக்கு அஞ்சலிகள்" என்று எழுதினார். நள்ளிரவுக்குள் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் பழைய கலியாண வீட்டுப் படத்திலிருந்து அவருடைய முகத்தை வெட்டியெடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கண்ணீர் அஞ்சலியும் செய்து போட்டுவிட்டார். இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்த மனிதர் அந்தப் படத்தைத் தன் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "யார் யார் அனுதாபம் சொல்லவில்லை என்று கணக்கு எடுத்து வைத்திருக்கிறேன்" என்பார். அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார்.

அன்று கதிரை ஏற்றச் சொன்னவன் நான்தான். எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். வட்ஸ்அப் குழுவைத் தொடக்கியவனும் நான்தான். ஆகையால் இங்கே சொல்லப்போகிற பிழைகளில் பாதிக்கு மேல் என்னுடைய கணக்கில்தான் வரும். இப்படியான சங்கம் நடத்துகிறவர்கள் வடக்கில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தெற்கே சிங்கள ஊர்களிலும் மரணாதாரச் சங்கம் என்று இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. பெயர் ஒன்று என்றாலும் உள்ளே மூன்று ஊர் இருக்கிறது. காடு வெட்டிக் கழனியாக்கிய பழைய வன்னிக் குடும்பங்கள். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துக் குடாநாட்டிலிருந்தும் தீவுப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர்கள். இப்படிச் சேர்ந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஓடிவந்து பந்தலுக்குத் தடி வெட்டப் பங்காளியும் மச்சானும் எல்லோருக்கும் இருப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் எழுபதுகளில் சங்கம் தொடங்கியது. மாதச் சந்தா கட்ட வேண்டும். வீட்டில் சாவு என்றால் ஒரு தொகைப் பணம், பந்தல், கதிரை, பெரிய தேத்தண்ணீர்க் கேத்தல் எல்லாம் வரும். கூடவே வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வரும். அந்தக் கடைசிச் சொல்தான் சங்கம். விறகு தறிப்பது, சுடலையைத் துப்புரவாக்குவது, பாடை கட்டுவது, இரவில் செத்தவீட்டில் விழித்திருப்பது ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். பணம் கட்டிவிட்டேன், ஆள் வரமாட்டேன் என்று சொல்ல அந்தக் காலத்தில் இடமில்லை.

பழையது எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. சாவு சொல்லப் போவதும் பறையடிப்பதும் குறித்த சில குடும்பங்களின் 'கடமை' என்று இருந்த காலத்தை என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். செய்தி கொண்டுவருகிறவர் படலைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேறு பாத்திரம். சங்கம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது, புலிகளின் இயக்கக் காலம் இன்னும் கொஞ்சம். மீதியை அடியோடு துடைத்தது கைபேசி. செய்தி சொல்லச் சாதி வேண்டியதில்லை என்று ஆக்கியதற்காக மட்டுமே இணையத்துக்கு நூறு பிழை பொறுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சங்கத்துக்கு ஒரு கொப்பி உண்டு. எங்கள் பொருளாளர் ஐயா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு எழுதுவதில் அவருக்கு ஒரு பக்தி. 2008 கடைசியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சங்கத்துக் கதிரைகளை மண்டபத்தில் விட்டுவிட்டுக் கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய்க் கடைசியில் செட்டிக்குளம் முகாமுக்குக் கொப்பி வந்து சேர்ந்தது. அதில் பெயர் இருந்தவர்களில் பலர் வந்து சேரவில்லை. அந்த மாதங்களில் இறந்த எவருக்கும் பந்தல் இல்லை, விறகு இல்லை. மீளக்குடியேறி, 2011இல் சங்கத்தைத் திரும்பத் தொடக்கியபோது ஐயா புதுக் கொப்பி வாங்கவில்லை. பழைய கொப்பியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

அந்தக் கொப்பியில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தா கட்ட முடியாத குடும்பத்தின் பெயருக்கு நேரேயும் மற்றவர்களுக்கு எழுதுவது போலவே நீலப் பேனையால் தொகையை எழுதுவார். ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. புள்ளிக்குரிய பணத்தை ஆண்டு முடிவில் தலைவரும் அவரும் நானும் இன்னொருவரும் பங்கிட்டுப் போட்டுவிடுவோம். சந்தா சேர்க்கப் போகிறவருக்கு எந்தப் படலையில் நிற்காமல் போக வேண்டும் என்று தெரியும். அந்தக் குடும்பத்துக்குக் கட்ட முடிகிற மாதம் வந்தால் ஐயா புள்ளியை றப்பரால் அழித்துவிடுவார். பேனையால் வைக்காமல் பென்சிலால் வைத்ததற்குக் காரணம் அதுதான். கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எல்லோரும் கட்டியதாகவே வாசிக்கப்படும். இதைக் கள்ளக் கணக்கு என்று சொல்கிறவர்கள் சொல்லலாம்.

இப்போது குழுவுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் போர் முடியும்வரை கைபேசியைக் கண்டவர்கள் குறைவு. பிறகு கோபுரங்கள் வந்தன, முதலில் வைபர், அடுத்து வட்ஸ்அப் என்று எல்லாமே ஒரே மூச்சில் வந்தது. 2014 கடைசியில் குழுவைத் தொடக்கினேன். ஆறு மாதத்தில் ஊரில் பாதி வீடும், ஊரிலிருந்து போய்க் கனடா, சுவிஸ், இலண்டன், பிரான்ஸ் என்று இருக்கிறவர்களில் நாற்பது ஐம்பது பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். நன்மையை மறைக்கக்கூடாது. முன்பெல்லாம் ஒரு சாவுச் செய்தி ஊரின் கடைசி ஒழுங்கைக்குப் போக அரை நாள் ஆகும். இப்போது ஐந்து நிமிடம். ஆடைத் தொழிற்சாலையில் மாற்று நேர வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கிருந்தே லீவு சொல்லிவிட்டு வர முடிந்தது. இரத்தம் தேவைப்பட்ட ஒரு பிரசவத்துக்கு இருபது நிமிடத்தில் நான்கு பேர் புறப்பட்டார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவில் எந்த வீட்டுக்குள் தண்ணீர், எந்தக் கிழவி தனியாக இருக்கிறார் என்று குழுவைப் பார்த்துத்தான் உழவு இயந்திரங்களை அனுப்பினோம்.

இடியப்பம் சாப்பிட்ட மாமாவுக்குப் பிறகு முதல் ஒழுங்கு வந்தது. மரணச் செய்தியைச் செயலாளர் அல்லது தலைவர் மட்டும்தான் போடலாம். அதுவும் இறந்தவரின் வீட்டு ஆள் ஒருவரோடு நேரில் அல்லது தொலைபேசியில் பேசிய பிறகு. இரங்கல் எழுத வேறு ஒரு குழு. முதல் குழுவில் செய்தியும் வேலையும் மட்டும். எழுத்தில் போடுவதோடு என் குரலிலும் ஒரு பதிவு போடுவேன், ஏனென்றால் எங்கள் சங்கத்தில் முடிவெடுக்கிற வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் கைபேசி வாசிக்க வராது. குரல் பதிவை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்காமல் பெயர், ஒழுங்கை, கிரியை நேரம், யாருக்கு என்ன வேலை என்று நான்கு விடயம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். நீட்டினால் பாதியில் அணைத்துவிடுகிறார்கள்.

கட்டைவிரல் விவகாரம் ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவை நூறு ரூபாவிலிருந்து நூற்றைம்பது ஆக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன். அறுபத்தொரு கட்டைவிரல் விழுந்தது. நிறைவேறிவிட்டது என்று அடுத்த மாதம் நூற்றைம்பது கேட்டுப் போனால், கட்டைவிரல் போட்டவர்களே சண்டைக்கு வந்தார்கள். "நான் பார்த்தேன் என்பதற்குப் போட்டது, சரி என்பதற்கு இல்லை" என்றார் ஒரு அண்ணை. அவர் சொன்னதில் பிழையில்லை. காசு சம்பந்தப்பட்ட எந்த முடிவும் முதல் ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூடி, கை உயர்த்தித்தான் என்று அன்றே திருத்திக்கொண்டோம். ஆனால் குழு வந்த பிறகு அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். "குழுவில் போட்டுவிடுங்கள் தம்பி, பார்க்கிறேன்" என்பார்கள். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து, கூட்டத்தில் பேசியவற்றை மூன்று நாள் கழித்துப் போடுவதுதான். அதுவரை அறிய வேண்டுமானால் வந்தவரைக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள், வங்கியிலும் வந்தது, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றுகிற உண்டியலிலும் வந்தது. ஒருவர் தந்தையின் நினைவாகப் புதுக் கதிரைகள் ஐம்பது வாங்கித் தந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் 'அமரர்' போட்டுத் தந்தையின் பெயர் வெள்ளை மையில் எழுதி வந்தது. அந்த அமரரோடு எல்லை வேலிக் கதியாலுக்காக வழக்கு நடத்திய குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தது. மூத்த மகன் கதிரைகளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பாய்களை எடுத்துவந்து விரித்து, வந்தவர்களை நிலத்தில் இருத்தினார். ஐம்பது கதிரையும் மாமரத்தின் கீழ் அடுக்கியபடி கிடந்தன. அடுத்த நாள் நானும் தலைவரும் தின்னரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கதிரையாகப் பெயரை அழித்தோம். முழுவதும் போகவில்லை, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இன்றைக்கும் 'அமர' வரை வாசிக்கலாம்.

பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே பந்தல், ஒரே கதிரை, ஒரே தொகை என்பது சங்கத்தின் முதல் விதி. வெளியிலிருந்து வரும் பணம் அந்த விதியைத்தான் முதலில் கடிக்கும். இப்போது யார் அனுப்பினாலும் பொதுவில் சேரும், பெயர் எழுதப்படாது, ஒரு குடும்பத்துக்கென்று தனியாகச் சங்கத்தின் மூலம் எதுவும் கொடுக்கப்படாது. நேரடியாக அனுப்ப விரும்புகிறவர் தாராளமாக அனுப்பலாம், சங்கத்தை இடையில் இழுக்கக்கூடாது.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

2019இல் சுவிஸில் இருக்கிற ஒருவர் பந்தலுக்குத் தகரம் வாங்கப் பணம் தந்தவர், கணக்கு கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டார்கள், ஒருவர் கொஞ்சம் குத்தலாகவும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொருளாளர் ஐயா கண் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார், கொப்பி என்னிடம் இருந்தது. நான்கு பக்கத்தைப் படம் எடுத்து, "எங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை" என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன்.

கடதாசியில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. கைபேசியில் இரண்டு விரலால் விரித்தால் மிளகு அளவுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "சில பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதே, என்ன?" இன்னொருவர் சிரிக்கிற முகம் போட்டு, "இலவசக் கணக்கு" என்றார். மூன்றாமவர் எழுதியதுதான் கொடுமை. ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இவர்தான் இல்லையே, ஏன் இன்னும் பெயர் இருக்கிறது?" என்று கேட்டார். நான் படங்களை அழித்தேன். அழித்தால் அழிவதா அது? அதற்குள் யார் யார் கைபேசியில் போய் இருந்ததோ.

சிவப்பு வட்டம் போட்ட பெயர் ஒரு அக்காவின் கணவருடையது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களை அந்த அக்கா வாசலோடு அனுப்பிவிடுவார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது, கோழிக்கூட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போய் இருந்தவர்களில் அவரும் ஒருவர். சங்கக் கொப்பியில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவருடைய கணவரின் பெயரை ஐயா வெட்டவே இல்லை. அந்தப் பெயருக்கு நேரே புள்ளிகள் வரிசையாக இருந்தன.

குழுவில் 'வெளியேறினார்' என்று ஒரு வரி விழுந்தது. அது அக்காவின் இலக்கம். அடுத்த நாள் காலை அவரே வந்தார். வாசிகசாலை வாங்கில் நான் இருந்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து வாங்கில் வைத்தார். எல்லாம் நூறு ரூபாத் தாள்கள். நடுவில் மடித்த மடிப்பு ஒன்றிலும் ஒன்று படியவில்லை, வெவ்வேறு காலத்தில் சேர்த்தவை. "முப்பத்தொரு மாதம் தம்பி. எண்ணிப் பாருங்கள்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்" என்றார். போய்விட்டார்.

எத்தனை புள்ளி என்று எனக்கே அதுவரை தெரியாது. கொப்பியைத் திறந்து எண்ணினேன். முப்பத்தொன்றுதான் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நாங்கள் நான்கு பேர் நினைத்துக்கொண்டிருந்த கணக்கை அவர் ஒவ்வொரு மாதமும் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

கண் கட்டோடு வீட்டுக்கு வந்த ஐயாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பென்சிலை எங்கே வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் என் மகன் இணையத்தில் எதையோ தேடிக் காட்டினான். இலண்டனில் 1717இல் முதல் பெருஞ்சபை அமைத்ததாகக் கணக்கு வைத்திருக்கிற பிரீமேசன்கள், 1819இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தோமஸ் வைல்டி என்பவர் தொடங்கிய ஒட் ஃபெலோஸ் என்று சகோதரச் சங்கங்கள் பல இருக்கின்றனவாம். நோயாளியைப் போய்ப் பார், துன்பப்பட்டவரைத் தாங்கு, இறந்தவரை அடக்கம் செய், அநாதையைப் படிப்பி என்பது ஒட் ஃபெலோஸின் கட்டளை. எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எழுதிய விதிகளைப் பார்த்து எழுதியது போல இருந்தது. அவர்களுக்கு இரகசியக் கைகுலுக்கல், அடையாளச் சொல், சடங்கு எல்லாம் உண்டு. இன்றைக்கு அவற்றை யாரும் இணையத்தில் வாசிக்கலாம் என்றான் மகன். வாசித்தாலும் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, வேறு ஒரு கைகுலுக்கல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் சங்கத்தில் இரகசியம் என்று இருந்தது ஒன்றுதான். அதை வெளியே கொட்டியது இணையம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்த விரல் என்னுடையது.

கணக்கு கேட்டவர்கள் மேல் பிழையில்லை என்று திரும்பவும் சொல்கிறேன். பணம் தருகிறவனுக்குக் கணக்கு காட்டத்தான் வேண்டும். புள்ளியைச் சாட்டி ஒரு பொருளாளர் கையாடலும் செய்யலாம். அதனால் இப்படி ஒழுங்கு செய்தோம். குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்த வரவு, மொத்தச் செலவு, வங்கி மீதி ஆகிய மூன்று இலக்கம் மட்டும் போடப்படும், பெயர் ஒன்றும் வராது. கொப்பியைப் பார்க்க விரும்புகிறவர் பொருளாளர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து பார்க்கலாம்; கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவர், எங்களுக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வாய்த்தார், புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். சுவிஸ்காரருக்கு இதைத் தொலைபேசியில் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்கள் வீட்டுக்கும் புள்ளி இருந்ததா அண்ணை?" என்று கேட்டார். இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

வேலைக்கு ஆள் வருவதைப் பற்றி. 2019 கடைசியில் நடந்த ஒரு செத்தவீட்டில் இரங்கல் குழுவில் நூற்று நாற்பது கும்பிடு கை விழுந்தது. விறகு தறிக்க வந்தவர்கள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கும்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. கும்பிட்டவுடன் மனதில் ஒரு பாரம் இறங்கிவிடுகிறது, போய்வந்தது போல ஆகிவிடுகிறது. எனக்கே அப்படித்தான் இருக்கிறது. அதனால் 'எல்லோரும் வாருங்கள்' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எல்லோரையும் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். ஊரை ஆறு ஒழுங்கையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாள் வைத்து, இந்தச் சாவுக்கு விறகு இந்த ஒழுங்கை, தேத்தண்ணீர் அந்த ஒழுங்கை என்று முறை வைத்தோம். பொறுப்பாள் தன் ஒழுங்கை ஆட்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேச வேண்டும். குரலைக் கேட்டு 'முடியாது' என்று சொல்வது கடினம். வெளிநாட்டிலிருக்கும் மகன்மாரின் முறைக்கு, ஊரில் கூலி ஆள் பிடிக்க அனுமதித்தோம். அது சரியா என்று இன்றுவரை வாதம் இருக்கிறது. நான் அரை மனத்தோடுதான் சம்மதித்தேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு செத்தவீட்டு நேரலை வந்தது. அதில் கற்றது கொஞ்சம். கைபேசியைக் கையில் பிடிக்காமல் மூன்றுகால் தாங்கியில் வைக்க வேண்டும். பற்றரி வங்கி ஒன்று கூட இருக்க வேண்டும். பந்தலின் தகரத்துக்குக் கீழே சிக்னல் குறையும், ஆகையால் ஓரத்தில் நிற்க வேண்டும். கமரா சவப்பெட்டியையும் ஐயரையும் பார்த்தால் போதும், அழுகிற பெண்களின் முகத்துக்கு நேரே போகக்கூடாது. வந்தவர்களை வரிசையாகக் காட்டவும் கூடாது. ஒருமுறை காட்டியதால், யார் வரவில்லை என்று இலண்டனில் இரண்டு சகோதரர்கள் ஒரு வருடம் பேசவில்லை.

எல்லாவற்றையும் கைபேசியில் ஒப்படைத்துவிட்ட நேரத்தில் 2022 ஏப்ரல் 3 வந்தது. பொருளாதார நெருக்கடியை எதிர்த்த போராட்டங்களை அடக்க நாடு முழுவதும் ஊரடங்கு. அந்தக் கிழமையில் மின்வெட்டு ஒரு நாள் 13 மணித்தியாலம்வரை போயிருந்தது. அன்று காலை எழும்பினால் முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை, அரசு முடக்கிவிட்டது. அதே காலையில் எங்கள் பழைய தலைவர் இறந்தார். அழைக்கலாம் என்றால் பாதிப் பேருடைய கைபேசியில் பற்றரி செத்திருந்தது, என்னிடம் பலருடைய இலக்கமும் குழுவுக்குள்தான் இருந்தது. கொப்பியில் எழுதி வைக்கவில்லை. பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் நின்றன. வாசிகசாலையில் பிள்ளைகள் ஆறு பேரைப் பிடித்து, சைக்கிளில் ஒழுங்கைக்கு ஒருவராக அனுப்பினேன். அதில் ஒருவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறவன். ஊரில் பிறந்து வளர்ந்தவன், கடைசி ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. "அந்த வீடுகளை நான் குழுவில்தான் கண்டிருக்கிறேன்" என்றான். பிற்பகலில் தடை நீங்கியபோது எங்கள் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. வேலைக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஊரடங்கில் வேறு வேலை இல்லாததும் ஒரு காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. அன்று மாலையே எல்லா இலக்கத்தையும் வீட்டு வரிசைப்படி கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதினோம். வருடத்தில் இரண்டு தடவையாவது ஒரு செய்தியைச் சைக்கிளில் மட்டும் அனுப்ப வேண்டும் என்றும் தீர்மானித்தோம். பிள்ளைகளுக்கு வீடு பழக வேண்டுமே.

பொருளாளர் ஐயாவின் மற்றக் கண்ணும் மங்கிவிட்டதால், இப்போது கொப்பியை வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை எழுதுகிறாள். கணினியில் ஏற்றவா என்று கேட்டாள். மொத்தக் கணக்கை ஏற்று, பெயர்ப் பக்கத்தை ஏற்றாதே என்றேன். காரணம் கேட்டாள், சொன்னேன். அடுத்த நாள் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

அந்த அக்கா திரும்பக் குழுவுக்குள் வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவை கேட்கவில்லை. சந்தாவை மாதம் தவறாமல் கொண்டுவந்து கட்டுகிறார், பற்றுச்சீட்டைக் கணவரின் பெயரில்தான் எழுதிக் கொடுக்கிறோம். சாவுச் செய்தி என்றால் அவர் வீட்டுக்கு மட்டும் நானே சைக்கிளில் போய்ச் சொல்கிறேன்.

போன மாதமும் போனேன். படலையில் கை வைக்கும்போதே நாய் குரைத்தது. அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். இடுப்பில் சேலையைச் செருகி, பெரிய தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். செத்தவீட்டுக்குப் புறப்பட ஆயத்தமாக நிற்கிறார் என்று பார்த்தவுடன் விளங்கியது. மகள் தன் கைபேசியைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். நான் சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன்.

"என்ன தம்பி, சொல்லாமல் போகிறீர்கள்? சொல்லுங்கள்" என்றார்.

இறங்கி நின்று, பெயரையும் ஒழுங்கையையும் கிரியை நேரத்தையும் சொன்னேன். ஒன்றும் தெரியாதவர் போல, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.